விசாரணையில் என் கணவர் சொல்லாமல் விட்ட காரணம்

அனுப்புநர்:
(பெயரும் முகவரியும் முத்திரையிட்ட தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன)
தடை விதிக்கப்பட்ட சைக்கிள் பந்தய வீரரின் மனைவி,
எழுத்தர், ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகம்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
ஊக்கமருந்துத் தடுப்புப் பிரிவு,
தொழில்முறை சைக்கிள் பந்தய ஆணையம்.

பொருள்: மூன்றாண்டுத் தடை ஆணை – விசாரணையில் தெரிவிக்கப்படாத மருத்துவக் காரணத்தைத் தெரிவித்தல் – ஆணையை மறுபரிசீலனை செய்யவும், சிகிச்சையைத் தொடர மருத்துவ விலக்கு வழங்கவும் கோருதல் – மனுவின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் ஆணை, செப்டம்பர் 9 தேதியிட்டது, எங்களுக்குக் கிடைத்தது செப்டம்பர் 14.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆணையால் தடை விதிக்கப்பட்ட வீரரின் மனைவி நான். எங்களுக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நான்காம் கவுன்ட்டரில் பணிபுரிகிறேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவது என் வேலை. எனவே, ஆணையின் ஏழாம் பக்கத்தில் "தடைசெய்யப்பட்ட பொருள் தம் உடலில் எவ்வாறு சேர்ந்தது என்பதற்கு வீரர் எவ்வித விளக்கமும் அளிக்கவில்லை" என்று எழுதியிருப்பதைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவர் விளக்கம் அளிக்கவில்லை என்பது உண்மை. அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பத்தான் இந்த மனு.

2. இதை எழுதும் இந்த நேரம்வரை என் கணவருக்கு இது தெரியாது. தெரிந்தால் தடுத்துவிடுவார். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு என்பதால், அவர் பயிற்சிக்குப் போகும் காலை வேளைகளில் சிறிது சிறிதாக எழுதி வருகிறேன். தடை வந்த பின்னும் அவர் ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்குப் போகிறார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

3. அவரைப் பற்றித் தங்கள் கோப்பில் ஒரு பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஒரே அணியில் துணை வீரராக இருக்கிறார். அதாவது, ஜெயிப்பது அவர் வேலை அல்ல. அணித் தலைவருக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வதும், பின்னால் வரும் அணிக் காரிலிருந்து ஆறேழு தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பதும், தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பதும்தான் அவர் வேலை. அணியில் அவரைத் "தண்ணி வண்டி" என்று கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்த சமயத்தில் இந்தப் பட்டப்பெயர் எப்படியோ என் அப்பா காதில் விழுந்து, மாப்பிள்ளை குடிப்பழக்கம் உள்ளவர் போலிருக்கிறது என்று சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாட்டில் விவகாரத்தை விளக்கிப் புரியவைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

4. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடர் பந்தயத்தின் இரண்டாம் நாள் கீழே விழுந்து அவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல் விட்டது. அணி மருத்துவர் காலையில் இரண்டு வலி மாத்திரை, மதியம் ஒன்று என்று கொடுத்து மீதி எட்டு நாளும் ஓட்ட வைத்தார். அந்த மாத்திரை தங்கள் பட்டியலில் அனுமதிக்கப்பட்டது. யாரும் எந்தப் படிவமும் கேட்கவில்லை. பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்தவரால் தட்டைத் தூக்கிக் கழுவுமிடத்தில் வைக்க முடியவில்லை. அணியின் செய்திமடலில் "மனவுறுதி" என்று தலைப்பிட்டு அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். இதை நான் இங்கே குறிப்பிடுவதன் காரணம் பத்தி 12-இல் விளங்கும்.

5. இனி சொல்லப்போவதை ஒரு அதிகாரிக்கு எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு முதல், எந்த வீட்டுக்குப் போனாலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி செருப்பைக் கழற்றும் முன்பே வந்துவிடும். என் மாமியார் நல்லவர். ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் என்னை மூன்று மருத்துவர்களிடம் அழைத்துப் போனார். மூவரும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அப்படியானால் அடுத்துப் பரிசோதிக்க வேண்டியது யாரை என்பது மூன்றாவது மருத்துவரின் அறையிலேயே எனக்கும் மாமியாருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பின் அவர் என்னை எங்கும் கூப்பிடவில்லை. யாராவது கேட்டால் "மருமகளுக்கு வைத்தியம் நடக்குது" என்று சொல்லத் தொடங்கினார். நான் மறுக்கவில்லை. பழி என் மேல் இருந்தால் அது வீட்டோடு போகும், அவர் மேல் விழுந்தால் வீதிக்குப் போகும் என்று நினைத்தேன்.

6. கடந்த ஜனவரியில் அவராகவே பரிசோதனைக்குச் சம்மதித்தார். நகரின் மறுகோடியில், எங்களை யாருக்கும் தெரியாத ஒரு கருத்தரிப்பு மையத்தைத் தேர்ந்தெடுத்தோம். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்றும், அதற்குக் காரணமான ஹார்மோன், சாதாரண ஆண் ஒருவருக்கு இருக்க வேண்டிய அடிமட்ட அளவுக்கும் கீழே இருக்கிறது என்றும் முடிவு வந்தது. தங்கள் குழுவில் யாருக்கும் தவறான எண்ணம் வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்: எங்கள் தாம்பத்திய வாழ்வில் குறையேதும் இல்லை. இது வேறு, அது வேறு. ஆனால் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான்.

7. அந்த மையத்தில் நிரப்பிய படிவத்தில் "கணவரின் தொழில்" என்ற கட்டத்தில் அவர் "தனியார் வேலை" என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் கவுன்ட்டரில் யாராவது அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் "என்ன வேலைன்னு தெளிவா எழுதுங்க" என்று திருப்பியிருப்பேன். அன்று திருப்பவில்லை. மருத்துவருக்கு அவர் பந்தய வீரர் என்பது தெரியாது. ஆகவே தடைப்பட்டியல் பற்றிய பேச்சே அங்கே எழவில்லை. இந்தத் தவறில் பாதி என்னுடையது.

8. மருத்துவர் எழுதிக் கொடுத்தது வழக்கமாகப் பெண்களுக்குச் சினைமுட்டை வளர்வதற்காகக் கொடுக்கும் மாத்திரை. ஆண்களுக்குக் கொடுத்தால் உடல் தானாகவே அந்த ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும் என்றார். முதல் சீட்டு என் கணவர் பெயரில்தான் இருந்தது. மருந்துக் கடைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, வரிசையில் ஐந்தாறு பேர் நிற்க, "சார், இது பொம்பளைங்களுக்குக் குடுக்கிறதாச்சே, பேரு மாறிப்போச்சா?" என்று கேட்டார். என் கணவர் ஆமாம் என்று சொல்லிச் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். அடுத்த முறை, தம்பதியர் கோப்பு என் பெயரில் இருப்பதால் சீட்டையும் என் பெயரிலேயே கொடுத்துவிடும்படி செவிலியரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். பல வீட்டில் இப்படித்தான் என்று சொல்லி அவரும் எழுதிக் கொடுத்தார். இதனால்தான், அவர் மருத்துவர் ஆலோசனைப்படி மருந்து எடுத்தார் என்பதற்கு அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

9. மாத்திரை பிப்ரவரி முதல் வாரம் தொடங்கியது. நாளுக்கு ஒன்று. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் என் கையாலேயே எடுத்துக் கொடுப்பேன். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை என்று உறுதி கூறுகிறேன். மார்ச் நடுவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் சாதாரண மனிதனின் அளவுக்கு வந்திருந்தது. அந்த வாரங்களில் நான் கண்ட மாற்றத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். முன்பெல்லாம் பந்தயம் முடிந்த மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். இப்போது பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார். மாடிப்படி ஏறும்போது பாட்டு முணுமுணுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதுதான் ஆரோக்கியம் போலிருக்கிறது, இவர் இத்தனை நாள் நோயாளியாகவே சைக்கிள் ஓட்டியிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

10. தங்கள் ஆணையத்தில் மருத்துவ விலக்குக்கு ஒரு படிவம் இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்தால், நோய்க்காகப் பட்டியலில் உள்ள மருந்தையும் எடுக்க அனுமதி உண்டு. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் படிவத்தை ஜனவரியிலேயே கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். இந்த மனுவுக்காகத் தேடியபோது எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நோயின் பெயர். அதன் நேர்கீழே அணி மேலாளரின் கையொப்பமும் முத்திரையும். அதற்குக் கீழே அணி மருத்துவரின் குறிப்பு. ஆண்டுக்கணக்கில் தன் தாய் தன் கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லாத ஒன்றை, ஒரு மனிதர் தனக்குச் சம்பளம் கொடுக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சீல் வாங்க வேண்டும். அணியின் உடைமாற்றும் அறையில் என்ன பேச்சு நடக்கும் என்பதை நான் அவர் சொல்லித்தான் அறிவேன். தண்ணி வண்டி என்பதற்குப் பதில் என்ன பெயர் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். படிவத்தில் அவர் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் எழுதியிருக்கிறார். மீதி காலி.

11. மே 18 அன்று நடந்தது தங்களுக்குத் தெரியும். நூற்று எழுபது கிலோமீட்டர் பந்தயத்தின் கடைசி மலைக்கு முன் அணித் தலைவரின் சக்கரம் பழுதானது. பக்கத்தில் வேறொரு துணை வீரர் இருந்ததால் அவர் தன் சக்கரத்தைக் கொடுத்தார். முன்னணிக் கூட்டத்தில் அணியின் சார்பில் மிஞ்சியவர் என் கணவர் மட்டும்தான். காதில் மாட்டியிருந்த கருவியில் மேலாளர், "யாருக்கும் காத்திருக்க வேணாம், நீயே போ" என்றாராம். பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக அந்த வார்த்தையைக் கேட்டதாகச் சொன்னார். நான் கவுன்ட்டரில் மேசைக்கடியில் கைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கர நீள வித்தியாசத்தில் ஜெயித்தார். கனரக வாகனத்துக்கு விண்ணப்பித்தவருக்கு இருசக்கர வாகன முத்திரையைக் குத்தினேன். அவரும் திட்டாமல், "வீட்ல எதாச்சும் நல்ல சேதியாம்மா?" என்றுதான் கேட்டார். அன்று மாலை என் கணவர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கோப்பையைப் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயிப்பவரைக் கட்டாயம் பரிசோதிப்பார்கள். பத்தொன்பதாவதாக வந்திருந்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பதினோரு ஆண்டுகளில் அவரைக் கூப்பிட்டது இரண்டே முறை. தவறு செய்கிறோம் என்று உணர்ந்த ஒருவர், பரிசோதனை காத்திருக்கிறது என்று தெரிந்தும் முதலாவதாக வருவாரா? இதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

12. ஐயா, எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இரண்டு மாதமாக இதே யோசனையாக இருக்கிறேன். எலும்பு விரிசலை மறக்கச் செய்து எட்டு நாள் ஓட்டவைத்த மாத்திரை மருந்து. உடலில் இருக்க வேண்டியதை இருக்கச் செய்த மாத்திரை ஊக்கமருந்து. முதலாவது இல்லாவிட்டால் அவர் அந்த எட்டு நாளில் ஒரு நாள்கூடச் சைக்கிளில் ஏறியிருக்க முடியாது. இதைவிட ஊக்கம் என்று எதைச் சொல்வது? தடைக்குப் பின் நான் மட்டும் மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு, வருடக்கணக்கில் அளவுக்கு மீறி உடலை வருத்தி, எடை கூடாமலிருக்கச் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஹார்மோன் இப்படிக் குறைவதுண்டு என்றும், என் கணவருக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றும் விளக்கினார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். நிச்சயம் என்று சொல்லவில்லை. அதை எழுத்தில் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். அப்படியானால், இந்தத் தொழில் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்றை மருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது. திருப்பி வாங்கிக்கொண்டதற்குத் தண்டனை விதிப்பதும் அதே தொழில்தான்.

13. ஆகஸ்டில் நடந்த விசாரணைக்கு நானும் வந்திருந்தேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவின் மேல்பாதி கண்ணாடி என்பதால் பார்க்க முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். இந்தப் பக்கம் என் கணவர், அவரை ஒட்டிய நாற்காலியில் அணி மேலாளர், பின்னால் அணியின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த ஒருவர். அந்தப் பொருள் உடலில் எப்படி வந்தது என்று விசாரணைக் குழுத் தலைவர் மூன்று முறை கேட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. மூன்று முறையும் என் கணவர் "எனக்குத் தெரியாதுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், ஏன் சொல்லவில்லை, நம்மிடம் காரணம் இருக்கிறதே என்று சண்டை போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "திருடன்னு பேர் வந்தா ரெண்டு வருஷத்துல மறந்துருவாங்க. இத மறக்க மாட்டாங்க," என்றார்.

14. அவர் சொன்னதில் முதல் பாதி நடப்பதாகத் தெரியவில்லை. அவர் பழகத் தொடங்கிய காலத்திலிருந்து சக்கரம் சரிபார்க்கும் கடையில் மாட்டியிருந்த அவர் படம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு சங்கிலி எண்ணெய் விளம்பரம் இருக்கிறது. கடைக்காரர் பழைய மரியாதையோடுதான் பேசுகிறார், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என் அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர், ஊசியா மாத்திரையா என்று என்னிடமே விசாரித்தார். மாமியார் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். மகன் ஏன் அதைச் சாப்பிட்டான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவராலும் வாயைத் திறக்க முடியவில்லை. சிகிச்சையும் நின்றுவிட்டது. தடைக்காலத்திலும் எப்போது வேண்டுமானாலும் வீடு தேடி வந்து பரிசோதிக்கலாம், மறுபடி ஒரு முறை அகப்பட்டால் வாழ்நாள் தடை என்று ஆணையில் இருப்பதால், ஜூனில் நோட்டீஸ் வந்ததும் நிறுத்திய மாத்திரையை அவர் இனியும் தொட முடியாது. எனக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு வயது முடிகிறது. எங்களிடம் காலம் நிறைய இல்லை என்று மருத்துவர் நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

15. மேலே உள்ள பத்திகளை எழுதி முடித்து நான்கு நாட்களுக்குப் பிறகு இதை எழுதுகிறேன். மருத்துவர் தருவதாகச் சொன்ன கடிதம் நேற்று வந்தது (இணைப்பு 1). அதில் நான் எதிர்பார்த்தவை எல்லாம் இருந்தன. நான் எதிர்பார்க்காத ஒரு வரியும் இருந்தது. மாத்திரை தொடங்கிய பின் ஏப்ரல் 26 அன்று எடுத்த இரண்டாவது இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் சாதாரண அளவின் மேல்மட்டத்தைத் தொட்டதால், அன்று மாலையே தொலைபேசியில் நோயாளிக்குத் தெரிவித்து, மறுநாள் முதல் மாத்திரையைப் பாதியாகக் குறைக்க அறிவுறுத்தப்பட்டது என்பதே அந்த வரி. கடிதத்தில் பிழை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஏனென்றால், கவுன்ட்டரில் நான் கைபேசி எடுக்கக்கூடாது என்பதால் மையத்திலிருந்து அவருக்குத்தான் பேசுவார்கள். அன்று வீட்டுக்கு வந்து கேட்டபோது, அப்படியே தொடரச் சொன்னார்கள் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். பந்தயம் வரை இருபத்திரண்டு நாளும், அதன் பிறகு நோட்டீஸ் வரும் வரையும், முழு மாத்திரையைத்தான் நான் எடுத்துக் கொடுத்தேன்.

16. பயிற்சியிலிருந்து அவர் திரும்பியதும் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கூடவே இந்த மனுவையும் கொடுக்க வேண்டியதாயிற்று. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தார். மனு எழுதியதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பத்தி 9-ஐ மறுபடி எடுத்துப் படித்துவிட்டு, "இது தப்பு. கடிதத்துல இருக்கறதுதான் சரி," என்றார். பிறகு சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். சொல்லும்போது நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கக்கூடிய பேச்சாக அது இல்லை.

"பாதியாக் குறைக்கச் சொன்னாங்க. உன்கிட்ட நான்தான் சொல்லல. குறைச்சா குழந்தை தள்ளிப் போயிடுமோன்னு பயந்தேன். அது நிஜம். ஆனா அது மட்டும் இல்ல. மலை ஏறும்போது முதல் தடவையா கால் என் பேச்சக் கேட்டுச்சு. அத விட மனசு வரல. இதுல எது எவ்வளவுன்னு கேட்டா எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல."

17. பத்தி 11-இன் இறுதியில் நான் எழுப்பியிருந்த கேள்வியையும் அவரிடமே கேட்டேன். பரிசோதனை இருக்கும் என்று தெரிந்தும் ஏன் ஜெயித்தீர்கள்? அதற்கு அவர், "அந்தக் கடைசி நூறு மீட்டர்ல டெஸ்ட்டு ஞாபகமே வரல. அவ்வளவு நல்லா இருந்துச்சு," என்றார்.

18. எனக்கு வந்த கோபம் பந்தயத்துக்காக அல்ல. ஆண்டுக்கணக்கில் அவருக்காக ஊர் முழுவதும் ஒரு பொய்யோடு நடமாடியவள் நான். அவர் சொல்லும் பொய் என் சமையலறையில் என் முகத்துக்கு நேராக வரும் என்று நினைக்கவில்லை. அன்று மாலையில், இந்த மனுவைக் கிழித்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். முதலில் கிழித்துவிடு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கிழிக்க வேண்டாம், ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் மனு போகக்கூடாது என்றார். மனுவை முதலிலிருந்து மாற்றி எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் அலுவலகத்தில் தவறாக எழுதியதை அழித்து எழுத அனுமதி இல்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். ஆகவே பத்தி 9-இல் நான் கூறிய உறுதிமொழியை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் அவரிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். அடித்த வரியும் தங்களால் படிக்கக்கூடியதாகவே இருக்கும்.

19. எனவே, என் கணவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடப் போவதில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் 26 வரை அவர் சாப்பிட்டது மருந்து என்று இப்போதும் நம்புகிறேன். அதற்குப் பிறகு சாப்பிட்டதில் பாதி மருந்து. மற்றப் பாதி என்ன என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. தங்கள் பிரிவில் அதற்கு வார்த்தை இருக்கும். அந்த வெற்றி அவர் கால்களுடையதா, மாத்திரையுடையதா என்றும் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, இனி எப்போதும் தெரியப் போவதில்லை. மூன்றாண்டுத் தடையைவிட அது பெரிய தண்டனை என்பது, தினமும் காலையில் அவர் சைக்கிளை வெளியே எடுப்பதைப் பார்க்கும் எனக்குத் தெரியும்.

20. மேற்கூறிய காரணங்களால் தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது:

அ) "விளக்கம் அளிக்கவில்லை" என்ற முடிவை நீக்கி, மேற்படி உண்மைகளை அவருக்குச் சாதகமானதையும் பாதகமானதையும் சேர்த்தே பதிவு செய்து, அவற்றுக்கு எவ்வளவு தண்டனை தகுமோ அவ்வளவை விதிக்க வேண்டுகிறேன். கோப்பையையும் முதலிடத்தையும் இரண்டாவதாக வந்தவருக்கே கொடுத்துவிடும்படி என் கணவர் சொல்லச் சொன்னார்.

ஆ) தடைக்காலத்தில் மருத்துவர் சொல்லும் அளவில், தாங்கள் விரும்பினால் தங்கள் மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே, சிகிச்சையைத் தொடர விலக்கு அளிக்க வேண்டுகிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துக்கொள்ளலாம். தடை குறைந்து அவர் சீக்கிரம் பந்தயத்துக்குத் திரும்பினால் சிகிச்சை மறுபடி நிற்குமா என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், எதைக் கேட்பது என்று நாங்கள் இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

இ) விலக்குக்கான படிவத்தில் அணி மேலாளரின் முத்திரை வேண்டும் என்ற விதியை நீக்கி, வீரரின் மருத்துவர் நேரடியாகத் தங்களுக்கு மூடிய உறையில் அனுப்ப வழிசெய்ய வேண்டுகிறேன். ஜனவரியில் அப்படி ஒரு வழி இருந்திருந்தால் என் கணவர் கட்டாயம் நிரப்பியிருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. போன வாரம் என்றால் சொல்லியிருப்பேன். ஆனால் நிரப்பாமல் போனதற்கு ஒரு சாக்காவது குறைந்திருக்கும். இன்னும் எத்தனை மேசை இழுப்பறைகளில் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் எழுதிய படிவங்கள் கிடக்கின்றனவோ தெரியாது.

21. நேரில் விசாரிக்கத் தாங்கள் தேதி குறித்தால் இருவரும் வருகிறோம். அறையில் எத்தனை பேர் இருக்க வேண்டுமோ அத்தனை பேர் மட்டும் இருக்கும்படியும், அணியிலிருந்து எவரையும் அழைக்காமலிருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், அப்போதும் வருவோம். இம்முறை கேள்விக்கு அவரே பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார். சொல்ல வராமல் நடுவில் நின்றுபோனால், தயவுசெய்து கொஞ்சம் காத்திருங்கள்.

இப்படிக்கு, தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்

பத்திகள் 15, 16, 17 ஆகியவற்றைப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது.

(கையொப்பம்)
மனுதாரரின் கணவர்

இடம்: தனி உறையில் உள்ளபடி
நாள்: அக்டோபர் 11

இணைப்புகள்:
1. கருத்தரிப்பு மைய மருத்துவரின் கடிதம், மூன்று இரத்தப் பரிசோதனை முடிவுகளுடன்.
2. மருந்துச் சீட்டுகள், நான்கு (என் பெயரில் உள்ளவை).
3. மருத்துவ விலக்குப் படிவம், நிரப்பப்படாதது.